மறு: அரசு மின்னாவணப் பணிக்குத் தமிழ்ப் பெயர் – ‘காப்பாவணர்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அரசு ஆவணங்களையும் மின் ஆவணங்களையும் காக்கும் தொழிலுக்குப் படிக்கப்போவதாகவும், அந்தப் பணிக்குத் தமிழில் என்ன பெயர் என்றும் கோபியிலிருந்து தங்கை ஒருவர் கேட்டிருந்தார். மின்னாவணக் காப்பாளர், எண்ணிமப் பாதுகாவலர், ஆவணக் கரணர் என்று மூன்று பெயர்கள் வந்துள்ளன. எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை.

காப்பாளர் என்றால் எங்கள் ஈரோட்டில் விடுதி வார்டன். பாதுகாவலர் என்றால் மில் கேட்டில் நிற்பவர். கரணர் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் 1980இல் பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழிக்கும்வரை கர்ணம் என்பவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. பெரியவர்கள் காதில் அப்படித்தான் விழும்.

அதைவிட, இந்தப் பெயர்களெல்லாம் பூட்டிவைப்பதை மட்டுமே சொல்கின்றன. எதைக் காக்க வேண்டியதில்லை என்று முடிவெடுப்பது இந்தத் தொழிலில் பாதி. தாலுகா ஆபீஸ் கடிதங்களில் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று பார்த்திருப்பீர்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, என்றைக்கும் என்று கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுகிறார்கள். மின்கோப்புக்கு அப்படி யாரும் எழுதாமல் விட்டால் எல்லாம் குவிந்து கிடக்கும். சர்வர் மாற்றும் நாளில் எது போயிற்று என்றே தெரியாமல் போகும். மத்திய அரசின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் கணினியில் உருவானதையும் பொது ஆவணமாகவே சேர்த்திருக்கிறது. 1892க்கு முந்திய ஆவணம், பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்திருந்தால் ஒழிய, அழிக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறது. எதை விடுவது என்பது அவ்வளவு கனமான முடிவு.

அதனால்தான் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். அலுவலகத்தில் புழக்கத்தில் இருப்பது பதிவுரு. தேர்ந்தெடுத்து, என்றைக்கும் வைத்திருக்க ஒப்படைக்கப்பட்டது காப்பாவணம். அதைத் தேர்ந்து, பேணி, கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பவர் காப்பாவணர். மின் ஆவணத்தில் தேர்ந்தவர் மின்காப்பாவணர். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனம் ஆவணக் காப்பகமாகவே இருக்கட்டும், அந்தப் பெயரை மாற்றத் தேவையில்லை.

> காப்பாவணம் என்றால் இன்சூரன்ஸ் பாலிசி என்று நினைக்கமாட்டார்களா?

காங்கேயம் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் காப்பீடு என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது ஐயா, குழப்பம் வராது. நம் பக்கம் மாரியம்மன் நோன்பில் காப்புக் கட்டிவிட்டால் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது அல்லவா? காப்பகத்துக்குள் வந்த ஆவணமும் அப்படித்தான், அதில் ஒரு எழுத்தும் அசையக் கூடாது. காப்பு என்ற சொல்லில் அந்தக் கட்டுப்பாடும் சேர்ந்தே ஒலிக்கிறது.

மின் ஆவணத்தில் இதுதான் கடினம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் ஒன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். யூனிகோடுக்கு மாற்றினால் படிக்கலாம், சரி. ஆனால் மாற்றியது படி, மூலம் அன்று. காப்பாவணர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். மாற்றியது யார், எந்த நாளில், எந்தக் கருவியால் என்றும் எழுதிவைக்க வேண்டும். மூலத்துக்கு ஹாஷ் எண், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாள எண், எடுத்துவைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் வேறாகிவிடும்.

இந்த வேலைக்குத் தமிழில் முன்பே சொல் இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கை நினைத்துப் பாருங்கள். பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்று, முதியவராக வந்த சிவன் அவரை வழக்குக்கு இழுக்கிறார். சுந்தரர் கிழித்துப்போட்டது படியோலை; திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை வருகிறது. பாட்டனார் கையெழுத்துத்தானா என்று பார்க்க ‘அரண்தரு காப்பில்’ இருந்து வேறோர் ஓலையை வரவழைத்து ‘ஒப்புநோக்கி’ முடிவு சொல்கிறார்கள். ஆவணத்தைப் பத்திரமாக வைக்கும் இடத்துக்குக் காப்பு என்ற சொல் சேக்கிழாரிடமே இருக்கும்போது நாம் தயங்க வேண்டியதில்லை. ஹாஷ் எண்ணை ஒப்புநோக்கு எண் என்று சொல்லலாம் என்பதும் என் முன்மொழிவு.

தங்கைக்கு ஒன்று: டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகமே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, அதையும் விசாரித்துப் பாருங்கள். கணினி மட்டும் தெரிந்தால் போதாது. கோப்பை முடித்து ஆயுள் குறிக்கும் பழைய பைசல் முறையும், நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டையும் பயிர்க் கணக்கான அடங்கலையும் வாசிக்கிற பழக்கமும் வேண்டும். அது இல்லாமல் எதை வைப்பது என்று தீர்மானிக்க வராது.

அப்புறம், எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்கிற ‘அப்ரைசல்’ வேலைக்கு இன்னும் சொல் அமையவில்லை. மதிப்பீடு என்றால் நில மதிப்பு, நகை மதிப்பு என்று ஆகிவிடுகிறது. நான் ‘காப்புத் தேர்வு’ என்கிறேன். திருப்பூர், நாமக்கல் அலுவலகங்களில் வேலை செய்யும் உறுப்பினர்கள் அங்கே வாய்ப்பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கலாம்.