புதுப்பிப்பு: ஆப்ஸ்மித் டேபிள் உறைந்துபோகும் சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டிருந்தது: ஆப்ஸ்மித்தில் (நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கு ஆப்கள் உருவாக்கும் கருவி) 40,000 ரெக்கார்டுகள் உள்ள ஆர்டர் பட்டியலைத் திறந்தால் பிரவுசர் உறைகிறது. கோளாறு குவெரியில்தான் (டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் கட்டளை), அத்தனை ரெக்கார்டுகளும் ஒரே தடவையில் பிரவுசருக்கு வந்து விழுந்தன.

டேபிளில் சர்வர்-சைடு பேஜினேஷனை (ஒரு நேரத்தில் ஒரு பக்க ரெக்கார்டுகளை மட்டும் சர்வரிலிருந்து எடுப்பது) ஆன் செய்து, குவெரியின் லிமிட்டுக்கு (எத்தனை ரெக்கார்டுகள் வேண்டும்) டேபிளின் பேஜ்சைஸையும் ஆஃப்செட்டுக்கு (எத்தனையைத் தாண்டி எடுக்க வேண்டும்) பேஜ்ஆஃப்செட்டையும் கொடுங்கள். பக்கம் மாறும்போது அதே குவெரி மறுபடி ஓட வேண்டும். இதை விட்டுவிட்டால் அம்புக்குறியை எத்தனை முறை அழுத்தினாலும் முதல் பக்க ரெக்கார்டுகளே நிற்கும்.

அடுத்து வந்ததுதான் ஆபத்தானது. ஒரே ஆர்டர் இரண்டு பக்கங்களில் தெரிந்தது, வேறொன்று எங்குமே இல்லை. தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், ஒரே தேதியுள்ளவை குவெரிக்குக் குவெரி இடம் மாறலாம். குவெரியில் வரிசையைத் தீர்மானிக்கும் ORDER BY பகுதியில், தேதிக்குப் பின் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியான ஐடியையும் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

தேடல் பெட்டியையும் குவெரியோடு இணையுங்கள். இல்லையென்றால் கண்முன் உள்ள பக்கத்துக்குள் மட்டுமே தேடும்.