தாத்தாவின் பாட்டுப்பெட்டி ஏன் நாலு துண்டாக இருக்கிறது?

சாட்ஸ்வொர்த் பேரன்:
வணக்கம். தாத்தா அறையைக் காலி செய்தபோது கிடைத்தவை: தட்டு சுழற்றும் கேரர்ட் 301 பிளேயர், குவாட் 2 என்று எழுதிய கனத்த இரும்புப்பெட்டி, குமிழ் வைத்த சின்னப்பெட்டி, ஒரே ஒரு ஸ்பீக்கர். டர்பனில் மேவில்லிலிருந்து இங்கே சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்தபோது அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம், ஆயா சொல்வார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் ரேடியோ, பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ரேடியோகிராம்தானே? இவர் மட்டும் ஏன் பிரித்துப் பிரித்து வாங்கினார்? இன்னொரு ஸ்பீக்கர் தொலைந்துவிட்டதா? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 தட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

டோங்காட் அக்கா:
பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே! எங்கள் வீட்டு ரேடியோகிராமின் மேல் லேஸ் துணி, பூச்சாடி, முருகன் படம். பாட்டு கேட்டது குறைவு.

வால்வு மாமா:
தம்பி, அவசரப்பட்டு பிளக்கைச் செருகாதே. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும்.

ரேடியோகிராமில் தட்டும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் அதிர்வு மரம் வழியாக முள்ளுக்கு ஏறும், முள் அதையும் பாட்டென்று வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். அப்புறம் ஒரே ஊளைதான். 1966இல் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தேன். முதலாளி சைக்கிள் டியூபை வெட்டித் தட்டுக்கு அடியில் கொடுக்கச் சொல்வார். பாதி குறையும். மீதிக்குப் பிரித்து வைப்பதுதான் மருந்து.

78 அரக்குத் தட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் வைத்தால் கரகரப்புதான் தெளிவாகக் கேட்கும். 1948இல் கொலம்பியா கம்பெனி கரகரப்பு குறைந்த லாங் பிளே தட்டை இறக்கிய பிறகே செலவுக்கு அர்த்தம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் வில்லியம்சன் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வரைபடம் கொடுத்தார், ஆட்கள் வீட்டிலேயே கட்டினார்கள். பிளேயர் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் இருந்த கேரர்ட்காரனிடம், ஆம்ப்ளிஃபயர் ஹண்டிங்டனில் இருந்த குவாட்காரனிடம் என்று பொறுக்கி வாங்குகிற பழக்கம் அப்படித்தான் பரவியது. உன் தாத்தாவும் அந்த ஜாதிதான்.

ஸ்பீக்கர் தொலையவில்லை. இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்ததே 1958 வாக்கில். உன் இரும்புப்பெட்டி ஆம்ப்ளிஃபயர் (குவாட் 2) 1953லேயே வந்துவிட்டது. 15 வாட், ஒற்றைக் காதுதான், அதாவது ஒரே ஸ்பீக்கருக்கு.

குமிழ்ப்பெட்டிக்குத் தனி பிளக் கிடையாது, பெரிய பெட்டிதான் கரண்ட் கொடுக்கும். அந்த ஒயரைப் பத்திரப்படுத்து. பெரிய பெட்டியின் அடிமூடியைக் கழற்றி, கையை விடாமல் பார். இரண்டு கேடி66 வால்வுக்கும் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) பொதுவாக 180 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். கறுத்திருந்தால் வால்வும் சந்தேகம்.

78க்கு முள் வேறு. லாங் பிளே முள் ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 1 பங்கு, 78க்கு 3 பங்கு. சின்ன முள் அகலக் குழியின் அடியில் புழுதியைத்தான் வாசிக்கும்.

சாட்ஸ்வொர்த் பேரன்:
பார்த்தேன் மாமா, கறுத்துத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டுமா?

வால்வு மாமா:
ஞாயிறு கோயிலில் காவடி. சனிக்கிழமை வா, 78 தட்டு இரண்டு எடுத்து வா. முள் என்னிடம் இருக்கிறது.