மாலை போட்ட அன்றே குடியை நிறுத்தலாமா? அக்கா வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்

செல்வி_மணப்பாறை கேட்டது:

அக்கா வீட்டுக்காரருக்கு 44 வயது, சென்ட்ரிங் வேலை. பத்து வருஷத்துக்கு மேலாகத் தினமும் குடி. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு குவார்ட்டர் பிராந்தி, சம்பள நாளில் மூன்று. காலையில் கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடிகிறது. கார்த்திகை 1-ஆம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றைக்கே அடியோடு விட்டுவிடுகிறேன் என்கிறார்.

போன வருஷமும் மாலை போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது, யாரோ வெட்ட வருகிறார்கள் என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினார். சாமி குத்தம் என்று சொல்லி மாலையைக் கழற்றிவிட்டார்கள். மறுபடி குடித்தார், அடங்கிவிட்டது.

இந்த வருஷம் வீட்டிலேயே வைத்து நிறுத்தலாமா? பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பாகிவிடுவார் என்கிறார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். எது சரி?

வார்டு_செவிலி:

செல்வி, போன வருஷம் நடந்தது சாமி குத்தம் இல்லை. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் கடுமையான மனக்குழப்பம் அது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர், வார்டில் சுருக்கமாக டி.டி. என்போம். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிர் போகக்கூடியது. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த தடவை நிறுத்தும்போது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் வீட்டில் வைத்து நிறுத்தவே வேண்டாம். மனநலப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால், இரண்டில் 120. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ராத்திரி குடித்தது அடுத்த நாள் காலையிலும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் இருக்கும்போதே கை நடுங்குகிறது என்றால் உடம்பு முழுக்கச் சரக்கை நம்பிப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

ஆல்கஹால் மூளையை அமுக்கி வைக்கிறது. வருஷக்கணக்கில் அமுக்கினால், அதை எதிர்த்து மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் சரக்கை எடுத்துவிட்டால் அமுக்கும் கை போய்விடும், கூட்டிய வேகம் மட்டும் நிற்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் அந்த வேகத்தால் வருபவை. நாக்கு வறட்சியோ மன பலவீனமோ இல்லை.

கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். 6 மணி நேரம் தாண்டியதும் நடுக்கம், குமட்டல், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை டி.டி.க்கான நேரம்: காய்ச்சல், ரத்த அழுத்தம் ஏறுவது, நாள் கிழமை தெரியாமல் போவது, இல்லாத பூச்சியைத் துணியில் பொறுக்குவது, வீட்டில் உட்கார்ந்துகொண்டே சைட்டில் கம்பி கட்டுவது போலக் கையை ஆட்டுவது. முதல் நாள் நன்றாக இருந்தாரே என்று குடும்பம் அசந்துபோவது இங்கேதான்.

வார்டில் குளோர்டயஜெபாக்சைடு அல்லது டயஜெபாம் கொடுத்து, நடுக்கமும் நாடித்துடிப்பும் பார்த்து, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஜெபாமுக்கு மாற்றுவார்கள். இந்த மாத்திரைகளைக் கடையில் வாங்கி நீங்களே கொடுத்துவிடாதீர்கள். மேலே சரக்கும் போட்டால் மூச்சு அடங்கிவிடும்.

சேர்ப்பதற்கு முன்பே வலிப்பு வந்துவிட்டால்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துண்டு வையுங்கள், எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பாருங்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். கையில் இரும்புச் சாவி திணிப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மூன்றும் கூடாது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

விரதத்துக்கு நான் எதிரி இல்லை. உறுதியாக ஒரு நாளைக் குறித்திருக்கிறார், அது பெரிய விஷயம். கார்த்திகை பிறக்க பத்து நாள் முன்னாலேயே சேர்த்துவிடுங்கள். வார்டில் சிகிச்சை முடிந்து, டாக்டர் அனுமதியோடு மாலை போடட்டும். குருசாமியிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள்: மாத்திரை நிறுத்தக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது.

மருந்தாளுநர்_தஞ்சை:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்ற இரண்டு கேள்விக்கும் வருகிறேன்.

குளுக்கோஸ் பாட்டில் விஷயத்தில் ரொம்பக் கவனம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1 வேண்டும். தினமும் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் குடல் தயமினை ஒழுங்காக உறிஞ்சாது. கையிருப்பே கொஞ்சம்தான். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருந்ததும் தீர்ந்து, மூளையின் சில பகுதிகள் சேதமாகும். வெர்னிக்கே என்கிற நோய் அது. கண் விழி நேராக நிற்காமல் ஆடும் அல்லது இரட்டையாகத் தெரியும், காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடப்பார், பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கும். பார்ப்பவர்கள் போதை இன்னும் இறங்கவில்லை என்றே நினைப்பார்கள். உடனே கவனிக்காவிட்டால் புது விஷயம் எதுவும் மனதில் நிற்காத நிரந்தர மறதியில் போய் முடியும். காலையில் யார் வந்தார்கள் என்பதுகூட மதியம் தெரியாது.

எனவே முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். கிளினிக்கோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் 'இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டு வெறும் மயக்கம் என்று சொன்னால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? வீடு திரும்பியபின் பெரும்பாலும் 100 மில்லிகிராம் தயமின் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். சாதாரண பி-காம்ப்ளெக்ஸ் அதற்கு ஈடாகாது.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து: தயவு செய்து வேண்டாம். விளம்பரத்தில் வரும் பொடிகளில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பலர் கேட்டு வாங்கப் பார்ப்பது டைசல்ஃபிராம் மாத்திரை. அது ஆல்கஹால் உடைவதைப் பாதியில் தடுத்து, அசிட்டால்டிஹைடு என்ற நச்சை ரத்தத்தில் தேக்கும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். சாம்பாரில் மாத்திரை இருப்பது தெரியாதவர் வழக்கம்போலக் குடிக்கத்தானே செய்வார்!

அதே மாத்திரை, அவரே சம்மதித்து, கல்லீரல் பரிசோதனை செய்து, கடைசிக் குடிக்குப் பின் ஒரு நாளாவது கழித்துத் தொடங்கினால் நல்ல துணை. அப்போதும் நிறுத்தியபின் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். இருமல் சிரப், அரிஷ்டம் போன்றவற்றில் உள்ள ஆல்கஹாலே வினையைக் கிளப்பிவிடும். குடிக்கும் வெறியைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகளும் உண்டு. முதலாவதுக்குக் கல்லீரலையும் இரண்டாவதுக்குச் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

உடம்பு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லுங்கள். குடியோடு சேர்ந்தால் வயிற்றில் புண் விழுந்து ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காத்திருக்கக் கூடாது.

கொடுமுடி_வாசகன்:

ஆஸ்பத்திரி என்றாலே ஓடிவிடும் ஆட்கள் உண்டு. தினம் ஒரு கட்டிங் குறைத்து, நாலைந்து நாளில் வீட்டிலேயே நிறுத்த முடியாதா?

வார்டு_செவிலி:

காகிதத்தில் சரியாக இருக்கும், வீட்டில் நடக்காது. முதல் கட்டிங் உள்ளே போனதும் இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லும் சக்திதான் முதலில் போகிறது. அளந்து ஊற்றும் வேலை மனைவி தலையில் விழும். மூன்றாம் நாள் அளவுக்காகவே அடிதடி ஆகும். அதோடு டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். காலை நடுக்கத்துக்குப் பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார், அது என்ன சரக்கு என்று யாருக்கும் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மறந்துவிடக் கூடாது.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றால், அதுவரை வீம்புக்குப் பாட்டிலைப் பிடுங்கி உடைப்பதைவிட அவர் குடித்துக்கொண்டிருப்பதே ஆபத்து குறைவு. டி.டி. வந்த ஆளை நடு ராத்திரியில் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோக முடியாது.

செல்வி_மணப்பாறை:

நன்றி. மாமாவிடம் பேசினோம், சேர்வதற்குச் சம்மதம். ஆனால் 'மையத்துல அடிப்பாங்க' என்று பயப்படுகிறார். நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, குடித்துவிட்டு வந்து அக்காவை அடிப்பதும் உண்டு. பெரிய பெண் பத்தாவது படிக்கிறாள். மகளிர் குழுவில் அக்கா பெயரில் கடன் வேறு.

குடும்ப_ஆலோசகர்:

அவருடைய பயம் நியாயமானது. அடிக்கிற, கட்டிப்போடுகிற இடங்கள் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி போதை மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டமே தடை செய்கிறது. மூன்று கேள்வி கேளுங்கள்: மனநல மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? குடும்பம் எப்போது நேரில் பார்க்கலாம்? 'ஆள் அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம், மூணு மாசம் பார்க்க வராதீங்க' என்று சொன்னால் அந்த வாசற்படியே மிதிக்க வேண்டாம்.

அவருக்கு டி.டி. வந்திருப்பதால் முதல் வாரம் மையத்தைவிட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியோதான் மேல். மற்ற வைத்தியத்துக்கும் அங்கே ஆள் இருக்கிறார்கள். 14446 போதை மீட்புக்கான இலவச எண், 14416 மனநல ஆலோசனைக்கு. எங்கே இடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகலாம்.

அடி விஷயத்தைச் சிகிச்சையோடு போட்டுக் குழப்பாதீர்கள். குடி நின்றால் அடி தானாக நின்றுவிடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. போதையில் அடித்தாலும் அடி அடிதான். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அக்காதான் போக வேண்டும் என்றில்லை, தங்கையாகிய நீங்களே தகவல் கொடுக்கலாம். அடிக்கக் கூடாது என்ற உத்தரவு, வீட்டைவிட்டு அவளை வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு, செலவுக்குப் பணம், மூன்றையும் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச உதவி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. அவசரத்துக்கு 181. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பெண்ணின் பள்ளிச் சான்றிதழ், நகை அடகுச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வையுங்கள். அவர் போதையில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். கேட்க வேண்டியதைத் தெளிந்தபின் கேட்கட்டும்.

அந்தப் பெண்ணை 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்று கடைப்பக்கம் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். அப்பா குடிப்பதற்கு அவள் காரணம் இல்லை என்று யாராவது ஒருவர் அவளிடம் நேராகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பரீட்சை முடியும் வரை ராத்திரி படிப்புக்கு உங்கள் வீட்டில் ஓர் இடம் கொடுத்தால் நல்லது.

கடனுக்கு: அக்கா இனிமேல் அவருக்காக எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, புதுக் கடன் எடுத்துப் பழைய கடன் கட்டவும் கூடாது. மேஸ்திரியிடம் 'உடம்பு சரியில்லை' என்று பொய் சொல்லி லீவு கேட்பதும் வேண்டாம். சிகிச்சைக்குப் போகிறார் என்றே சொல்லி, திரும்பி வந்தபின் கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கையில் ரொக்கம், மாலை ஆறு மணி, பசி, கூட வேலை பார்க்கும் ஆட்கள், இந்த நான்கும் ஒன்றுசேரும் இடத்தில்தான் மறுபடி ஆரம்பிக்கிறது. சைட்டிலிருந்து கிளம்பும் முன்னாலேயே வயிறு நிறைய ஏதாவது சாப்பிடட்டும். வெறி கிளம்பினாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணியும்.

மலைக்குப் போய் மாலை கழற்றும் நாளை இப்போதே காலண்டரில் குறியுங்கள். திரும்பி வரும் வண்டியிலேயே பாட்டில் திறப்பவர்கள் நிறையப் பேர். அந்த வாரத்திலேயே டாக்டரிடம் ரிவ்யூ தேதி வாங்கி வையுங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டார் என்றால் கத்தித் தீர்க்க வேண்டாம், 'எல்லாம் போச்சு' என்று விட்டுவிடவும் வேண்டாம். விட்ட உடம்பு பழைய இரண்டு குவார்ட்டரைத் தாங்காது, அதே அளவு குடித்தால் ஆபத்து. டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே அதே வார்டுக்குக் கூட்டிப் போங்கள்.