ஹீட்சிங்க் மாத்தியும் 100 டிகிரி: பேஸ்ட் கம்மின்னு சொன்னவங்க இங்க வாங்க

வேலந்தாவளம்_சர்வீஸ்:
நேத்து கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ஐ5 12400ங்கற இன்டெல் சிபியூ, அதோட சூட்டை இழுத்து வெளிய விடற புது டவர் ஹீட்சிங்க் மாட்டியும் 100 டிகிரி காட்டுதாம். அதுக்குக் கீழே சித்தூர்_கேமர், "பட்டாணி அளவு பேஸ்ட் போதும்னு சொல்லித் தர்ற ஆளுகளாலதான் இந்தக் கதி, டியூப்ல பாதியைப் பிதுக்குங்க"ன்னு எழுதிட்டுப் போயிருக்கார். பட்டாணி அளவுன்னு இங்க எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம்.

பேஸ்ட் சூட்டைக் குறைக்கற மருந்து இல்லீங்க. சிபியூ மேல்மூடி, ஹீட்சிங்க் அடின்னு ரெண்டு உலோகத்துக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கும், அதை அடைக்கறதுக்குத்தான். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவற மாதிரி, அவ்வளவுதான். ஹீட்சிங்க் சரியா உட்காரலைன்னா முழு டியூபைக் கொட்டினாலும் 100தான் காட்டும்.

சித்தூர்_கேமர்:
அண்ணா, 12400 சதுரம் இல்லைங்க. 37.5க்கு 45 மி.மீ., நீள்சதுரம். நடுவுல ஒரு பட்டாணி வெச்சா ரெண்டு ஓரமும் காஞ்சு கிடக்கும். நீங்க தொழில் கத்துக்கிட்ட காலத்துப் பழைய பென்டியம் சிபியூ இல்ல இது. அதிகமாப் போட்டா வெளிய வழியும், துடைச்சுக்கலாம். கம்மியாப் போட்டாத்தான் கேடு.

வேலந்தாவளம்_சர்வீஸ்:
பென்டியம்னு இளக்காரமாச் சொல்ல வேண்டாம். 2004ல வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 கொதிச்ச கொதிப்பை இந்தக் கையால சமாளிச்சவன் நான். அப்பவும் பட்டாணி அளவுதான்.

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:
ரெண்டு பேரும் வெயிலை விட்டுட்டீங்க. பங்குனி, சித்திரையில பாலக்காட்டுப் பக்கம் 40ஐத் தொடும். எந்த ஹீட்சிங்கும் ரூம் காத்தைவிடக் குளுமையாக்க முடியாது. எங்கூர்ல வந்து ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

சித்தூர்_கேமர்:
பொள்ளாச்சி என்ன ஊட்டியா? அரை மணி நேரத்துல பைக்ல வந்துடற ஊருக்கு இவ்வளவு பெருமை.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
மெஷின் என்னுதுங்க அண்ணா. சும்மா இருக்கறப்பவே 60. சிபியூவை முழுசா வேலை வாங்கிச் சோதிக்கற சினிபெஞ்ச் ஆர்23 ஓட்டினா பத்தே செகண்டுல 100, கிளாக் வேகம் தானா இறங்கிடுது. ஃபேன் நல்லாச் சுத்துது. ஆனா ஹீட்சிங்க் தகட்டைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. ஏனுங்க இப்படி?

வேலந்தாவளம்_சர்வீஸ்:
அப்படிக் கேளுங்க தம்பி. சிபியூ 100ல இருக்கு, தகடு ஜில்லுனு இருக்குன்னா சூடு மேல ஏறவே இல்லை. வெயில்தான் காரணம்னா தகடும் சேர்ந்து சுட்டிருக்கணும், பொள்ளாச்சிக்காரர் கவனிக்கவும். அடியில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தாளை உரிச்சீங்களா? ஹீட்சிங்கைப் போர்டுல நிறுத்தற ஸ்குரூக்கால், அதான் ஸ்டேண்ட்-ஆஃப், எந்த செட் போட்டீங்க? பழைய எல்ஜிஏ 1200 சாக்கெட்டுக்கு ஓட்டைக்கு ஓட்டை 75 மி.மீ., உங்க 12400 உட்கார்ற எல்ஜிஏ 1700க்கு 78. சில போர்டுல ரெண்டு ஓட்டையும் வெச்சிருப்பாங்க, அங்கதான் ஆளுக ஏமாறுவாங்க. 1700 சிபியூ உயரமும் முன்னைவிடக் கம்மி. பழைய செட்டைப் போட்டா மாட்டிக்கும், அழுத்தாது.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
தாளை உரிச்சுட்டேங்க. பெட்டியில ரெண்டு செட் இருந்துச்சு, ஒண்ணு போர்டுல சரியா மாட்டிக்கிச்சு, போட்டுட்டேன். இப்பக் கழட்டிப் பார்த்தேன். பேஸ்ட் ஒரு ஓரமா மட்டும் நசுங்கியிருக்கு. நடுவுல நான் வெச்ச மேடு அப்படியே நிக்குது.

சித்தூர்_கேமர்:
பார்த்தீங்களா! நடுவுல மேடு, மத்த இடம் வெறும் உலோகம். பட்டாணி அளவோட லட்சணம் இதுதான். அட்டையை வெச்சு முழுசாப் பரப்பியிருந்தா இந்தப் பேச்சே இல்லை.

வேலந்தாவளம்_சர்வீஸ்:
மேடு நசுங்கலைன்னா அழுத்தம் விழலைன்னு அர்த்தம்! மேல இருக்கற ஹீட்சிங்க் அடி அதைச் சரியாத் தொடவே இல்லை. நீங்க அட்டையில பரப்பினாலும் தொடாது. எத்தனை தடவை சொல்றதுங்க, பேஸ்ட் இல்ல, அழுத்தம்.

சித்தூர்_கேமர்:
அழுத்தத்தைப் பத்தி நீங்க பேசறீங்க. போன ஓணத்துக்கு எங்க சேட்டனோட போர்டு சாக்கெட்ல பின்னை வளைச்சுக் குடுத்தது எந்தக் கடைங்க?

வேலந்தாவளம்_சர்வீஸ்:
வர்றப்பவே வளைஞ்சிருந்துச்சு. வாங்கறப்பவே போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அந்தக் கணக்கை இங்க எதுக்கு இழுக்கறீங்க?

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:
கேபினெட் சைடு மூடியைத் திறந்து வெச்சு ஒருக்கா ஓட்டிப் பாருங்க தம்பி. காத்தோட்டம்தான்.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
இப்ப நான் செட்டை மாத்தறதா, புதுசா பேஸ்ட் வாங்கறதா?

சித்தூர்_கேமர்:
செட்டையும் மாத்துங்க, பேஸ்டையும் முழுசாப் பரப்புங்க. சூடு இறங்கினா அது பேஸ்டாலதான்.

வேலந்தாவளம்_சர்வீஸ்:
ரெண்டையும் ஒண்ணா மாத்தாதீங்க தம்பி. பழைய பேஸ்டைச் சுத்தமாத் துடைச்சுட்டு அதே பட்டாணி அளவு வைங்க, ஸ்டேண்ட்-ஆஃப்பை மட்டும் 78 மி.மீ. செட்டுக்கு மாத்துங்க. ஸ்குரூவைக் குறுக்குக்குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. சினிபெஞ்ச் ஓட்டி வர்ற நம்பரை இங்க போடுங்க. அப்புறம் இவர்கிட்ட நான் பேசிக்கறேன்.

சித்தூர்_கேமர்:
அந்தப் பின் போட்டோவையும் சேர்த்துப் போடுங்க.