பேட்டரி லைட் மங்கலா எரியுது, ஸ்டியரிங் லைட்டும் வருது. டைனமோ மாத்தித்தான் ஆகணுமா?

தாராபுரத்தான்:
வணக்கம்ங்க. 2009 மாடல் பெட்ரோல் கார். பத்து நாளா ராத்திரி ஓட்டும்போது சிவப்பு பேட்டரி லைட் எரியுது. பளிச்சுன்னு இல்லை, அணையப்போற கங்கு மாதிரி. பகல்ல கண்ணுக்கே தெரியலை. ஹெட்லைட், ஏசி ரெண்டும் போட்டா கொஞ்சம் கூடுது. நேத்து ஒட்டன்சத்திரத்துல ஒரு சந்துல வண்டியைத் திருப்பறப்போ மஞ்சள் ஸ்டியரிங் லைட்டும் வந்து, ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகிடுச்சு. ஆஃப் பண்ணிப் போட்டதும் சரியாச்சு. காலைல செல்ஃப் வேற திணறுது.

பேட்டரி போன மாசம் போட்ட புதுசு. அதுக்கு முன்னாடி கிளட்ச் வேலை பார்த்தோம். இப்போ, வண்டி ஓடறப்போ பேட்டரியைச் சார்ஜ் பண்ற டைனமோவையே மாத்தணும், 9,000 ஆகும்ங்கிறாங்க. அம்மாவை வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்குக் கோவை கூட்டிட்டுப் போகணும். நடுவழியில நின்னுட்டா என்ன பண்றதுன்னு தூக்கமே இல்லைங்க.

காங்கயம் வண்டி:
பெல்ட் தளர்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணதும் கீச்சுன்னு சத்தம் வருதா?

தாராபுரத்தான்:
சத்தம் இல்லைங்க. அமுக்கிப் பார்த்தேன், விறைப்பாத்தான் இருக்கு.

பொள்ளாச்சிக்காரர்:
இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. வண்டி நின்னா டைனமோ போச்சுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல இப்படித்தான் பார்ப்போம்.

ஈரோடு எலக்ட்ரீஷியன்:
தம்பி, அதை மட்டும் செஞ்சிடாதீங்க. அந்த அண்ணன் சொல்றது அம்பாசடர் காலத்துக்குச் சரி. ஓடற வண்டியில பேட்டரியைப் பிரிச்சா, ஒரு கணம் 80 வோல்ட்டுக்கு மேலகூட எகிறலாம். வண்டியோட கம்ப்யூட்டரான ஈசிஎம் போயிடும், 9,000-த்தோட நிக்காது.

மங்கலா எரியுதுன்னு நீங்க கவனிச்சதுதான் முக்கியம். பல்பு வச்ச டேஷ்போர்டு மீட்டர்ல அந்த லைட்டுக்கு ஒரு முனை சாவி வழியா பேட்டரிக்கும், இன்னொரு முனை டைனமோவுக்கும் போகும். ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தா எரியாது. டைனமோ அடியோட சார்ஜ் பண்ணலைன்னா பளிச்சுன்னு எரியும். மங்கலா எரிஞ்சா ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. டைனமோ உள்ள கரண்ட்டை ஒரே பக்கமா விடற டயோடு போனாலும் இப்படி எரியும், அதனால அளந்துட்டு முடிவு பண்ணுவோம். ஸ்டியரிங் தனியா கெட்டுப்போகலை. அது எலக்ட்ரிக் மோட்டார், திருப்பறப்போ நிறைய கரண்ட் இழுக்கும், வோல்ட் பத்தலைன்னா நின்னுக்கும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டுல வைங்க. ஹெட்லைட், ஏசி போட்டு, லேசா ஆக்சிலேட்டர் குடுத்து மூணு இடம் பாருங்க: பேட்டரி ரெண்டு முனை, டைனமோ பின்னால தடி வயர் வர்ற போல்ட்டுக்கும் டைனமோ பாடிக்கும், அப்புறம் அதே போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும். பெல்ட், ஃபேன் பக்கம் கை, துப்பட்டா, வயர் எதுவும் போகக்கூடாது.

தாராபுரத்தான்:
அண்ணா, தங்கச்சி உள்ளே உக்கார்ந்து ஆக்சிலேட்டர் குடுத்தா, நான் பார்த்தேன். பேட்டரியில 12.4. டைனமோவுல 14.3! மூணாவது 1.8. இன்ஜின் ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பேட்டரி 12.1.

ஈரோடு எலக்ட்ரீஷியன்:
உங்க டைனமோ நல்லா இருக்கு தம்பி. அது குடுக்குது, பேட்டரிக்கு வந்து சேரலை. அந்த மூணாவது அளவு 0.2-க்குள்ள இருக்கணும். 40 ஆம்பியர் போகுதுன்னு வச்சா, 1.8 வோல்ட் வழியில விழுந்தா 72 வாட் சூடு. ஒரு சின்ன நட்டுல அவ்வளவு சூடுன்னா கருகியே இருக்கும். கிளட்ச் வேலையில அந்த வயரைக் கழட்டி மாட்டியிருப்பாங்க. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, சாவி ஆஃப்ல இருந்தாலும் அந்த போல்ட்டுல எப்பவும் கரண்ட் இருக்கும். அப்புறம் ரப்பர் தொப்பியைத் தள்ளிப் பாருங்க.

தாராபுரத்தான்:
பார்த்தேன் அண்ணா. ரப்பர் தொப்பி உள்பக்கம் உருகி ஒட்டியிருந்துச்சு. நட்டு விரலாலயே சுத்துது. லக்கு, அதான் வயர் நுனியில போல்ட்டுல மாட்டற வளையம், கருநீலமா மாறி, அதுகிட்ட வயரோட செம்புக் கம்பி பாதி கறுத்துப் பொடியுது. இங்க ஒரு எலக்ட்ரீஷியன் கருகினதை வெட்டிட்டுப் புது லக்கு அடிச்சு, போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்கினார். 250 ரூபாய். இப்போ அதே லோடுல பேட்டரியில 14.2, நடுவுல 0.06. லைட் இல்லை.

ஈரோடு எலக்ட்ரீஷியன்:
நல்லது. 12.1-னா பேட்டரி பாதி இறங்கிக் கிடக்கு. இன்னிக்கு ராத்திரி சார்ஜர்ல போடுங்க, குறைச் சார்ஜுல விட்டா புதுசும் சீக்கிரம் கெடும். ஒரு வாரம் கழிச்சு அந்த நட்டை மறுபடி தொட்டுப் பாருங்க. வயரையும் 2.5 சதுர மி.மீ. மெல்லிசுல மாத்திப் போட்டிருந்தா விடாதீங்க, பழைய தடிமன்லயே இருக்கணும்.

தாராபுரத்தான்:
பழைய வயர்தான் அண்ணா, நுனி மட்டும்தான் வெட்டினது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலைல நாலு மணிக்கு ஹெட்லைட் போட்டே அம்மாவோட கிளம்பினேன், கோவை வரைக்கும் மீட்டர்ல ஒரு லைட் வரலை. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்துதான் இதை எழுதறேன்.