சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசம்) கடிதம் வந்துவிட்டது, பையன் பட்டாளத்துக்குப் போயே ஆகணுமா? அவசரம்

கும்பகோணத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கொள்கையளவில் பிஆர் தருகிறோம் என்று கடிதம் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது. பையனை ராணுவத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமனார் ஊரிலிருந்து போன் போட்டு, "பேரனை எந்த நாட்டுக்காக சாகக் கொடுக்கப் போறீங்க மாப்ளே?" என்கிறார். பிஆர் வாங்கினால் நம் இந்தியக் குடியுரிமை போய்விடுமா? பையன் கட்டாயம் போகத்தான் வேண்டுமா? அலுவலகத்தில் வேறு ஆட்குறைப்பு என்று பேச்சு. கடிதத்தில் போட்டிருக்கும் தேதி நெருங்கிவிட்டது. தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரி தூக்கமே இல்லை.

தேக்கா பழைய ஆள்:
தம்பி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. கிடைக்காமல் எத்தனை பேர் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப விண்ணப்பம் போடுகிறார்கள் தெரியுமா? நான் வந்தபோது தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு கடைக்கு மேல்மாடியில் படுக்க இடம். ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரு மின்விசிறி, அதுவும் சீனியர் ஆள் பக்கம்தான் திரும்பும். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை ராத்திரிக்கு எடுத்து வைப்போம். வேலை போனால் அடுத்த விமானத்தில் ஊர். பிஆர் என்ற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. உங்கள் தலைமுறைக்கு எல்லாம் சுலபமாகக் கிடைப்பதால்தான் இந்த யோசனையெல்லாம் வருகிறது.

பொங்கோல் மீனா:
வாழ்த்துகள் சகோ. பிஆர் வந்ததும் வீடு வாங்கிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள், நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம். புது வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு பிஆர் குடும்பம் விண்ணப்பிக்கவே முடியாது. மறுவிற்பனை வீடுதான், அதற்கும் பிஆர் ஆகி 3 வருடம் கழிய வேண்டும். அப்புறம் இன விகிதம் என்று ஒன்று இருக்கிறது, 1989லிருந்து. அந்த புளோக்கில் இந்தியர் இடம் நிரம்பிவிட்டால், பிடித்த வீடாக இருந்தாலும் சீனக் குடும்பத்திடமிருந்து நீங்கள் வாங்க முடியாது. பிஆர்களுக்குத் தனியாக இன்னொரு வரம்பும் உண்டு. சம்பளத்தில் மசேநி (மத்திய சேமநிதி) பிடிப்பார்கள்: முதல் வருடம் உங்கள் பங்கு 5%, இரண்டாம் வருடம் 15%, அப்புறம் 20%. மாதாமாதம் கைக்கு வரும் பணம் குறையும், ஊருக்கு அனுப்புவதை இப்போதே குறைத்துப் பழகுங்கள்.

ஈசூன் செந்தில்:
பயப்படாதீங்க பாஸ். பட்டாளம்னு சொல்ற தேசிய சேவை குடிமக்களுக்குத்தான். பிஆர் பசங்க 18 வயசுக்கு முன்னாடி பிஆரைத் திருப்பிக் கொடுத்துட்டு ஊருக்குப் படிக்கப் போயிடலாம், ஒரு கேள்வியும் வராது. எங்க சொந்தத்திலேயே ஒருத்தர் அப்படித்தான் செய்தார்.

இங்கேயே பிறந்தவன்:
செந்தில், தெரியாவிட்டால் சும்மா இருக்கவும். இந்த மாதிரி பதிலை நம்பித்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. தேசிய சேவை 1967லிருந்து குடிமக்களுக்கும் பிஆர்களுக்கும் உள்ளது. வேலையின் பேரில் பிஆர் வாங்கும் அப்பாவுக்கு விலக்கு. அப்பா வழியாக பிஆர் ஆகும் மகனுக்கு விலக்கு கிடையாது. பதினாறரை வயதில் பதிவு, 18இல் சேர்ப்பு, 2 வருடம் முழுநேரம். அதோடு முடியாது. 40 வயது வரை (அதிகாரி என்றால் 50 வரை) ரிசர்விஸ்ட் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், வருடத்துக்கு 40 நாள் வரைக்கும். கூப்பிட்டும் வராவிட்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், 3 வருடச் சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சேவை செய்யாமல் பிஆரைத் திருப்பிக் கொடுத்தால் பின்னாளில் அந்தப் பையன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். பெற்றோர் தலையிலும் விடியலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கட்டணச் சலுகையும் மசேநியும் வேண்டும், பட்டாளம் மட்டும் வேண்டாமா? பட்டாளத்தில் என் பிரிவில் நாலு பேர் பிஆர் பையன்கள். ஒருத்தனாவது முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. வாட்ஸ்அப் குழுவில் புலம்பியதெல்லாம் அவர்களின் அப்பாக்கள்தான்.

ஈசூன் செந்தில்:
அண்ணே கோவிச்சுக்காதீங்க. நீங்க "சலுகை"ன்னு சொல்றதை நாங்களும் வரி கட்டித்தான் வாங்குறோம். வாடகைக்கு வீடு தேடினப்போ என் பேரைக் கேட்டதுமே "ஓனர் இந்தியர் வேணாம்னு சொல்றார், சமையல் வாசனை வருமாம்"னு ஏஜென்ட் போனை வெச்சுட்டார். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. அப்போ எங்கே போச்சு பல்லின நாடு?

இங்கேயே பிறந்தவன்:
அது எனக்கும்தான் நடந்தது! கல்யாணமான புதிதில் வாடகைக்கு அலைந்தபோது. நான் இங்கே காண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவன், என் அப்பாவும் அப்படியே. டாக்ஸியில் ஏறினால் ஓட்டுநர் "இந்தியாவில் எந்த ஊர்?" என்கிறார். ஈசூன் என்றால், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி. உங்களைப் போல் புதிதாக வந்தவர்கள் பெருகியதும் எங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அலுவலகத்துக்கு வரும் புது இந்தியர்களோ நான் தமிழ் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், "என்ன சார் இது, தமிழா மலாயா?" என்று. இரண்டு பக்கமும் அடி.

மீன்கறி ராணி:
ஆமாம், எங்கள் நிறுவனத்திலும் இதே கதை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டம், வடக்கர்கள் தனிக் கூட்டம், உள்ளூர் இந்தியர் தனி மேசை. ஐசியில் (அடையாள அட்டையில்) மட்டும் எல்லாரும் "இந்தியர்".

செம்பவாங் தாத்தா:
பேரப்பிள்ளைகளே, இந்தச் சண்டை பழசு. என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ்காரனிடம் வேலை பார்த்தவர். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி, பதிந்துகொள்ளுங்கள் பதிந்துகொள்ளுங்கள் என்று நம் ஆட்களிடம் விடாமல் பிரசாரம் செய்தார். "நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போகப்போகிறோம், நமக்கு எதற்கு" என்று இருந்தவர்கள் நிறைய. 1968இல் பிரிட்டன் 1971க்குள் படைகளை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னதும் தளத்தில் வேலைகள் போக ஆரம்பித்தன. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியும் வேண்டும் என்றாயிற்று. எங்கள் குடியிருப்பு வரிசையில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. பெண்டாட்டி பிள்ளை ஊரில், வாழ்ந்ததெல்லாம் இங்கே என்று இருந்தவர்கள் அவர்கள். அப்பா பதிந்திருந்தார், நாங்கள் இருந்தோம். அதற்காக எல்லாரும் குடியுரிமை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தாலும் அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜூரோங் யாழ்:
ஐயா சொல்லுறது சரி. எங்கட பக்கம் இன்னொரு பிரச்சினை. இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விடும், சிங்கப்பூர் விடாது. கனடாவில இருக்கிற சொந்தக்காரர் ரெண்டையும் வச்சிருக்கினம், நான் மட்டும் ஒண்டைத்தான் வச்சிருக்கலாம். பள்ளிக்கூடத்தில பிள்ளையள் காலையில சொல்லுற உறுதிமொழியை 1966இல எழுதின அமைச்சர் ராஜரத்னம் யாழ்ப்பாணத்தில பிறந்தவர் எண்டு மகளிட்டச் சொன்னால், "அப்ப அவர் எந்த நாட்டவர்?" எண்டு கேக்கிறாள். சிங்கப்பூரர் எண்டன். "அப்ப நான்?" எண்டாள். சோத்தைச் சாப்பிடு எண்டு சொல்லிவிட்டன்.

தேக்கா பழைய ஆள்:
நாட்டுப்பண் மலாயில். நானும் தேசிய தினத்துக்கு எழுந்து நின்று பாடுகிறேன், பாதி வரி வாயசைப்புதான் 😀

பொங்கோல் மீனா:
குடியுரிமை வரை போனால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கிக்கொண்டால் விசா இல்லாமல் போய் வரலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. எங்கள் வீட்டில் பெரிய சண்டையே அந்த நிலத்தைப் பற்றித்தான். இத்தனைக்கும் பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கத்தான் தடை.

மருதாணி:
போதும். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் பையனுக்கு என்ன வயது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கும்பகோணத்தான் சார், இதற்குப் பதில் சொல்லுங்கள். பையன் வயது என்ன? விண்ணப்பத்தில் அவன் பெயரைச் சேர்த்தீர்களா, இல்லை நீங்களும் மனைவியும் மட்டுமா? நீங்கள் ஈபாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவரா? ஆட்குறைப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா, வெறும் வதந்தியா? கடிதத்தில் கடைசித் தேதி என்ன?

கும்பகோணத்தான்:
மன்னிக்கணும், பதற்றத்தில் எழுதியது. பையனுக்கு 12 வயது, தொடக்கநிலை 6, இந்த வருடம் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான். மார்ச்சில் 13 முடிகிறது. பெண்ணுக்கு 8. நாலு பேர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஏஜென்ட் "எல்லாரையும் சேர்த்துப் போடுங்க சார், சான்ஸ் அதிகம்" என்றார், தேசிய சேவையைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் ஈபாஸ், மனைவியும் பிள்ளைகளும் சார்ந்திருப்போர் அனுமதி. ஆட்குறைப்பு உறுதி இல்லை, ஆனால் எங்கள் குழுத் தலைவருக்கு வேலை போய்விட்டது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

மருதாணி:
இப்போது பேசலாம். நான் ஒரு பையனை பட்டாளத்துக்கு அனுப்பிய அம்மா, நாங்களும் பிஆர்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: பிஆர் ஆனால் இந்தியக் குடியுரிமை போகாது. நாலு பேரும் இந்தியர்களாகவே இருப்பீர்கள், ஐசி நீல நிறத்தில் வரும், அவ்வளவுதான். மாமனாரிடம் இதை முதலில் சொல்லுங்கள். உங்கள் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூர்ச் சீருடை போடுவான், என் பையன் அப்படித்தான் போட்டான். அது வினோதமாகத்தான் இருக்கும், ஆனால் சட்டப்படி சரி.

இரண்டாவது, பையன் பிஆர் ஆனால் சேவை உண்டு. மேலே "இங்கேயே பிறந்தவன்" எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள், செந்தில் எழுதியதை விட்டுவிடுங்கள். இந்தப் பேச்சில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 13 வயது ஆனதும், 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப்போகிறான் என்றால் எக்ஸிட் பெர்மிட் (நாட்டைவிட்டு வெளியே இருக்க அனுமதி) வாங்க வேண்டும். 2 வருடமும் அதற்கு மேலும் என்றால் பிணைத்தொகை கேட்பார்கள். குறைந்தது 75,000 வெள்ளி, அல்லது உங்கள் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. வேலை போய், பிஆரை வைத்துக்கொண்டே பையனை மட்டும் தாத்தா வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று நினைத்தால் இது வந்து குறுக்கே நிற்கும். மார்ச் உங்களுக்கு முக்கியம்.

வேலை பயம் இருப்பவருக்கு பிஆர் பலம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஈபாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் வருகை அனுமதியில் வேலை தேட வேண்டும், குடும்பமும் கூடவே கிளம்ப வேண்டும். பிஆருக்கு அந்தக் கத்தி கழுத்தில் இல்லை. ஆக, உங்களையும் பையனையும் வேறு வேறாகப் பாருங்கள். பையன் பெயரைத் தவிர்த்து மற்ற மூவருக்கு மட்டும் முடிக்க முடியுமா, பெண் பெயரை வைத்து மகன் பெயரை எடுத்தால் பின்னால் என்ன ஆகும் என்று குடிநுழைவு ஆணையத்துக்கே எழுதிக் கேளுங்கள். தேதியைத் தள்ளித் தரவும் அதே கடிதத்தில் கேளுங்கள். தேசிய சேவை பற்றிய கேள்விகளை, அதற்கு ஆள் சேர்க்கும் அலுவலகமான சிஎம்பிபியிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட்டை இனி எதற்கும் கேட்காதீர்கள்.

அப்புறம் மனைவியைப் பற்றி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சேரும் நாளில் பெற்றோரையும் சாங்கியிலிருந்து படகில் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். பிள்ளைகள் படுக்கும் அறையைக் காட்டுவார்கள், இரும்புக் கட்டில், அலமாரி, மடித்து வைத்த போர்வை. அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டுக்கூடத்தில் நாமும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சைவச் சாப்பாடும் இருந்தது. என் வீட்டுக்காரர் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னார், பையன் "அப்பா, சும்மா இருங்க" என்றான். இதனால் உங்கள் மனைவிக்கு பயம் தீராது. ஆனால் இப்போது அவர் கற்பனையில் இருப்பது பத்து மடங்கு மோசம், அதனால் சொல்கிறேன்.

பையனிடம் பேசினீர்களா?

கும்பகோணத்தான்:
இல்லை. பரீட்சை முடியட்டும் என்று இருந்தோம்.

இங்கேயே பிறந்தவன்:
அவனுக்கு ஏற்கனவே தெரியும் சார். அவன் வகுப்பில் எல்லாப் பையன்களின் அண்ணனும் போயிருப்பான். கேட்டுப் பாருங்கள்.

கும்பகோணத்தான்:
நேற்று கேட்டேன். "தெரியும்பா, ஹைதரோட அண்ணன் இப்போ அங்கேதான் இருக்கான்" என்றான். பிடிக்குமா என்றால், "ரெண்டு வருஷம் லேட்டா காலேஜ் போவேன், அதுதான்" என்று தோளைக் குலுக்கினான். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆணையத்துக்கும் சிஎம்பிபிக்கும் இன்று காலை எழுதிவிட்டேன். பிஆருக்குக் கேட்டிருக்கும் மருத்துவப் பரிசோதனையைப் பதில் வரும்வரை நிறுத்தி வைக்கலாமா?

மருதாணி:
நிறுத்தாதீர்கள். உங்களுக்கும் மனைவிக்கும் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை இரண்டையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள், முடிவு வர நாள் பிடிக்கும். பரிசோதனை செய்துகொண்டதால் பிஆர் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. கடிதத்தோடு வந்த படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் கிளினிக்கிலிருந்து திரும்ப அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் அசலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா பழைய ஆள்:
செங்காங் பக்கத்துக் கிளினிக் என்றால் சனிக்கிழமை காலை போகாதே தம்பி, கூட்டம். செவ்வாய் புதன் பார்.