ஈரம் உறிஞ்சும் மெஷின் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில் ஒரு அறை முழுக்க ஐயா காலத்துப் பர்மாப் பேரேடுகள், கொஞ்சம் ஓலைச்சுவடிகள். ஐப்பசி மழை பிடித்தால் தாள் ஓரமெல்லாம் பூஞ்சை படர்ந்து, பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து வந்த தம்பி ஒரு டீஹியூமிடிஃபையர் கொடுத்தான். ஃப்ரிட்ஜ் மாதிரி குளிரவைத்து ஈரத்தை எடுக்கும் கம்ப்ரசர் வகை இல்லை. உள்ளே ஜியோலைட் என்ற, ஈரத்தை இழுக்கும் கனிமம் பூசிய சக்கரம் சுற்றி ஈரத்தை உறிஞ்சும். ஹீட்டர் அந்தச் சக்கரத்தைச் சுடவைத்து ஈரத்தைப் பிரிக்கும். தண்ணீர் தொட்டியில் சேரும். குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்றது. இங்கேயோ வெளிவரும் காற்று அனலாக அடிக்கிறது. ஆனால் ஈரப்பதம் 80-லிருந்து 55 சதவீதத்துக்கு இறங்குகிறது, அது பெரிய நிம்மதி.

என் பயமெல்லாம் சுவடிகளைப் பற்றித்தான். ஓலை அதிகம் காய்ந்தால் நொறுங்கும். எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்? ஹீட்டர் உள்ளதை இரவில் ஆளில்லாத அறையில் ஓடவிடலாமா? பில்டரைத் தூசி தட்டுகிறேன், சரி. சக்கரத்துக்குப் பராமரிப்பு உண்டா? நம் வெக்கைக்குக் கம்ப்ரசர் வகைதான் சரியா? அப்புறம், காரைக்குடிப் பக்கம் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அடைமழைக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும்.